நான்கு லெட்சுமிகள்

தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்தபோது, ஆசிரியப் பயிற்சி நேர்முகத்துக்கு அழைத்து லெட்சுமி என்ற பெண்ணுக்கு வந்த கடிதத்தை, எந்த லயத்து வீட்டு வரிசை, எத்தனாவது காம்பரா அறை என்று முகவரியைப் பார்க்காமல் வேறொரு லெட்சுமியிடம் கொடுத்துவிட்டேன். உரியவர் கைக்கு அது போனபோது நேர்முக நாள் கடந்திருந்தது. தபால் தாமதம் என்று பொய் சொன்னேன்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, டிக்கோயா பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பெண்கள் கொப்பியில் கட்டங்கள் வரைந்தபடி பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுற எடிட்டர்ல ஒரு பேரத் தேடினா, அதே பேரு நாலு எடத்துல வருது. பேர மட்டும் வரிசையா காட்டுனா போதுமாடி?"

"போதாதுடி. எந்த ஃபைல், எத்தனாவது வரி, பக்கத்துல என்ன எழுதியிருக்கு, எல்லாம் காட்டணும். எங்க தோட்டத்துல நாலு லெட்சுமி. லயமும் காம்பரா நம்பரும் பாக்காட்டி எங்கம்மா கதிதான்."

"என்ன கதி?"

"கிளாக்கரய்யா பேர மட்டும் பாத்தாரு. டீச்சராக வேண்டியவங்க கொழுந்துக் கூடையத் தூக்குனாங்க."

இருவரும் சிரித்தார்கள். என் பொய்யை யாரும் நம்பியிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா லெட்சுமியின் லயத்துக்குப் போய், வாசலில் நின்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கதவை அகலத் திறந்தார்.

"உள்ள வாங்கய்யா, தேத்தண்ணி குடிக்கலாம். இந்தத் தடவையாவது காம்பரா நம்பரப் பாத்துத்தான வந்தீங்க?"