எடைக்கல் நட்சத்திரம்

உங்கள் அறையில் இருக்கும் இரண்டு குழல்விளக்குகளும் ஒரே நிறமில்லை. ஜன்னலுக்கு மேலே இருப்பது பழசு, கொஞ்சம் மஞ்சள் ஓடிவிட்டது. வாசல் பக்கம் இருப்பதைச் சமீபத்தில்தான் மாட்டியிருப்பார்கள். குறையாகச் சொல்லவில்லை. வெளிச்சத்தை அளந்து சம்பளம் வாங்குகிறவன் நான். எந்த அறைக்குள் போனாலும் கண் முதலில் விளக்கைத்தான் தேடும். என்னோடு துணிக்கடைக்கு வர என் மனைவி யோசிப்பாள். "இவர் ஒவ்வொரு புடவையையும் தெருவுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பார்ப்பார், கடைக்காரன் திருட்டுன்னு நினைச்சுப்பான்" என்பாள்.

நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டு அழைக்கவில்லை என்று தெரியும். விவரம் தெரிந்தவன் என்று அழைத்திருக்கிறீர்கள். டீ கொடுத்தீர்கள். இந்தப் படத்தை மேசைமேல் வைத்து, கீழ் ஓரத்தில் புகை படிந்த மாதிரி வெளுத்திருக்கிறதே, கேமரா பழுதா என்று கேட்டீர்கள். ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

பழுது இல்லை. அந்தக் கேமரா அன்று ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அது என்னவென்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கும்.

எங்கள் வேலை நட்சத்திரக் கூட்டங்களை அளப்பது. ஒரு கூட்டத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. அவற்றில் பெரியதும் நீலமானதும் முதலில் எரிந்து தீரும். மிச்சம் இருப்பவற்றின் பிரகாசத்தையும் நிறத்தையும் அளந்தால் அந்தக் கூட்டத்துக்கு எத்தனை வயது என்று சொல்லிவிடலாம். நீல ஃபில்டர் போட்டு ஒரு அளவு, மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒரு அளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிறம். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வெறும் வெளிச்சத்தை யாரும் அளக்க முடியாது. காற்று மாறும், தூசி மாறும். ஆகவே பக்கத்தில் மாறாத நட்சத்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதைவிட இது எவ்வளவு அதிகம், எவ்வளவு குறைவு என்றுதான் எழுத முடியும். அதை எங்கள் இடத்தில் எடைக்கல் என்போம்.

என் கூட்டத்துக்கு எடைக்கல்லைத் தேர்ந்தெடுத்தவன் நான். அந்தக் கூட்டத்துக்கு முந்நூற்று நாற்பது கோடி வயது என்று சொன்னவனும் நான். இருபது வருடமாக அந்த எண் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வேறு கூட்டங்களுக்கு வயது சொல்கிறவர்கள் என் கூட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறார்கள். வேறு பெரிய சாதனை எதுவும் என்னிடம் இல்லை. பிள்ளைகளும் இல்லை.

இறந்தவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி. எங்கள் அலுவலகத்திலேயே ஆறு வருடமாக வேலை பார்த்தான். கெட்டிக்காரன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. எனக்கு அவன்மேல் கோபம் எதுவும் இருந்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவன் என் மேசை ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அத்தான், உங்க எடைக்கல் மூச்சு விடுது" என்றான்.

"என்னடா உளர்றே?"

"ஏறுது, இறங்குது. ரொம்ப நிதானமா. நீலத்துல நல்லாவே தெரியுது, மஞ்சள்ல கொஞ்சம்தான். நீங்க நீலம் எடுத்தப்போ அது இறங்கி இருந்திருக்கு, மஞ்சள் எடுத்தப்போ ஏறி இருந்திருக்கு. அதனால மொத்தக் கூட்டமும் நீலமா தெரிஞ்சிருக்கு. பாவம், கிழங்களை எல்லாம் குமரியாக்கிட்டீங்க."

அவன் கணக்கில் வயது ஐந்நூறு கோடிக்கு மேல் வந்தது. சரிபார்க்கிறேன் என்றேன். நான் சரிபார்க்கவில்லை. அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு சாப்பிடும்போது அதையே என் மனைவியிடம் கதையாகச் சொன்னான். "அக்கா, எடைக்கல்லே எடை கூடிக் குறைஞ்சா கடைக்காரர் என்ன பண்ணுவார்? அத்தான் இருபது வருஷமா அந்தக் கல்லை வெச்சுத்தான் தக்காளி நிறுத்திருக்கார். ஊர் பூரா அந்தத் தக்காளியைத்தான் சாப்பிட்டிருக்கு."

என் மனைவி சிரித்தாள். வாயில் சோறு இருந்ததால் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சும்மா இருடா. அவருக்குத் தெரியாதா?" என்றாள் பிறகு.

"தெரிஞ்சிருக்கும் போலிருக்கே. ரெண்டு ராத்திரி அது மங்கலா இருந்திருக்கு. மெல்லிய மேகம்னு சொல்லி அத்தான் அதை விட்டுட்டார். ஏன் அத்தான், மேகம் ஒரே ஒரு நட்சத்திரத்தை மட்டும் மறைக்குமா? பக்கத்துல இருக்கறது எல்லாம் பளிச்சுன்னு இருக்கே."

நான் மோர் ஊற்றிக்கொண்டேன். அந்த இரண்டு இரவுகளில் மெல்லிய மேகம் இருந்தது என்றுதான் எனக்கு ஞாபகம். இருபது வருடத்துக்கு முந்தைய வானத்தை யார் இப்போது போய்ப் பார்க்க முடியும்?

அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கட்டுரையில உங்க பேரையும் போடுறேன் அத்தான். நீங்களே கண்டுபிடிச்சுத் திருத்தின மாதிரி இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்லை" என்றான். என் தோளில் தட்டினான். எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், அந்தத் தட்டல் மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கட்டுரையை அனுப்ப அவனுக்கு இன்னும் ஒரு வாரப் படங்கள் தேவைப்பட்டன.

இப்போது படத்துக்கு வருகிறேன்.

கேமரா எதையும் பார்க்காதபோதும் அதற்குள் கொஞ்சம் வெளிச்சம் இருப்பதுபோலக் காட்டும். கருவியின் சொந்தக் குறை அது. அதைத் தெரிந்துகொள்ள முழு இருட்டில் ஒரு படம் எடுத்து வைத்து, பிறகு நட்சத்திரப் படத்திலிருந்து கழித்துவிடுவோம். அதற்கு டார்க் என்று பெயர். பகலிலேயே எடுக்கலாம். எங்கள் கேமராவுக்கும் ஃபில்டர் பெட்டிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. அதனால் டார்க் ஓடும்போது, தொலைநோக்கி நிற்கும் டோமை முழுக்க மூடி, எல்லா விளக்கையும் அணைத்துவிடுவோம். வாசலில் சிவப்பு பல்ப் எரியும். உள்ளே போக வேண்டுமென்றால் இரட்டைத் திரை வழியாகப் போகலாம், ஆனால் விளக்குப் போடக்கூடாது. டார்ச் கூடாது, போன் கூடாது. ஒரு தரம் புதிதாக வந்தவர் ஒருவர் சிகரெட் லைட்டரைப் பற்ற வைத்துவிட்டு ஒரு மாதம் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். இருட்டில் கால் பழக்கத்திலேயே நடப்பது எங்களுக்குப் பெருமை. இருட்டில் தடவித் தடவி நடப்பவனைப் பார்த்துச் சிரிப்போம். என் மச்சான் கைகளைப் பையில் விட்டுக்கொண்டு நடப்பான்.

டோமின் தரையில் ஒரு துவாரம் உண்டு. தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியைக் கழுவுவதற்கு அதன் வழியாகத்தான் இரண்டு மாடி கீழே இறக்குவோம். மேலே இரும்பு மூடிகள், திறக்கும்போது மட்டும் சுற்றிலும் மாட்டும் சங்கிலிக் கம்பி. அந்த வாரம் கண்ணாடி கழுவ வேண்டியிருந்தது. எங்கள் மெக்கானிக் காலையில் கம்பிகளை மாட்டி, மூடிகளைத் திறந்து கிரீஸ் போட்டு, ஒழுங்காக மூடி, கம்பிகளைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிடப் போனார். அவர் மூடியதை நான் பார்த்தேன். திறந்து போட்டுவிட்டுப் போனார் என்று உங்கள் அறிக்கையில் இருப்பது தவறு. சாகும்வரை சத்தியம் செய்வேன் என்று அவர் உங்களிடம் அழுததாகக் கேள்விப்பட்டேன். அழ வேண்டியதில்லை. கிரீஸ் கூட நன்றாகவே போட்டிருந்தார். மூடிகள் சத்தமே இல்லாமல் திறந்தன.

நான் முதல் டார்க் தொடங்கியபோதே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டுக்குப் பழக நேரம் வேண்டும். வெளிச்சத்திலிருந்து வருகிறவனுக்கு முதலில் ஒன்றுமே தெரியாது. வெகுநேரம் இருட்டில் இருந்தவனுக்கு நாம் நினைப்பதைவிட அதிகம் தெரியும். இரண்டாவது டார்க் முடியும்வரை ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் அந்த இரண்டு படங்களும் சுத்தமாக இருக்கின்றன. மூன்றாவது ஓடும்போது மூடிகளைத் திறந்தேன். பிறகு கட்டுப்பாட்டு அறைக்கு உள்பேசியில் அழைத்தேன்.

"பம்ப் சத்தம் மாறியிருக்கு. வந்து கேளு."

"டார்க் ஓடுதே அத்தான். முடியட்டும்."

"அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியலை. லைட் போடாம வா."

"எனக்கே சொல்றீங்களா? கண்ணைக் கட்டிவிட்டாலும் வருவேன்" என்று சிரித்தான்.

கேமராவைக் குளிர்விக்கும் அந்தப் பம்ப் எதிர்ச்சுவர் ஓரம் இருக்கிறது. நேர்வழி துவாரத்தின் மேல்தான் போகும். மூடி போட்டிருக்கும்போது அது வெறும் தரை. ஆறு வருடமாக அவனுக்கு அது தரைதான். கம்பி மாட்டாமல் மூடி திறந்திருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கீழறையின் ஜன்னலில் கறுப்பு பெயிண்ட் அடித்திருப்போம். ஒரு மூலையில் அது உரிந்திருக்கிறது. அங்கிருந்து வந்த வெளிச்சம் துவாரம் வழியாக மேலே கசிந்தது. அப்போதுதான் உள்ளே வந்தவன் கண்ணுக்கு அது போதாது. எனக்குப் போதும். கேமராவுக்கு ரொம்பவே போதும். கேமரா கண்ணைப்போல் அல்ல, அரை மணி நேரம் பொறுமையாகச் சேர்த்துவைத்துக்கொள்ளும். நீங்கள் புகை என்று சொன்னது அந்த ஜன்னல் மூலைதான்.

அவன் திரையை விலக்கி வந்தது எனக்குத் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு உருவம், கைகள் பையில். "எங்கே அத்தான் இருக்கீங்க?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குரல் வந்த பக்கம் திரும்பியிருப்பான். பம்ப் சத்தத்தைக் கவனித்தபடி நடந்தான். "நல்லாத்தானே ஓடுது" என்றான். அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. அவன் சொன்னது சரி, பம்ப் நன்றாகத்தான் ஓடியது.

நான் அவனைத் தொடவில்லை. எங்களுக்கு நடுவே நல்ல தூரம் இருந்தது.

கீழிருந்து கொஞ்ச நேரம் சத்தம் வந்தது. பேச்சு என்று சொல்ல முடியாது. நான் விளக்குப் போடவில்லை. படம் முடிய இன்னும் சில நிமிடங்கள் இருந்தன, அது அவனுடைய படம், பாதியில் கெடுக்க மனம் வரவில்லை. படம் முடிந்தபோது சத்தமும் நின்றிருந்தது. மூடிகளை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். மெக்கானிக் சாப்பிட்டு வந்து அலறியபோது எல்லோரோடும் சேர்ந்து ஓடினேன்.

என் மனைவி இன்னும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். "ஒரு லைட் போட்டிருக்கலாமேங்க அவன்? ஒரே ஒரு லைட்." போட மாட்டான், டார்க் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவு நேர்மையான ஆள் என்று சொல்வேன். அதைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். அதில் பொய் ஒன்றும் இல்லை. என் தோளில்தான் சாய்ந்து அழுகிறாள்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தொடர்ந்து எழுதலாம், மெதுவாகவே சொல்கிறேன். மூடிகளைத் திறந்தவன் நான். கூப்பிட்டவன் நான். பார்த்துக்கொண்டிருந்தவனும் நான். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. இந்தப் படத்தைக் கேமரா பழுது என்று நீங்கள் எழுதிவைத்தால், நாளைக்கு வேறு யாராவது அதை நம்பி வேலை செய்வார்கள். விழுந்த வெளிச்சத்தை விழவில்லை என்று சொல்ல என்னால் முடியாது. என் தொழிலில் மிச்சமிருப்பது இந்த ஒரு நேர்மைதான்.

மச்சானின் கட்டுரை பாதியில் நிற்கிறது. யாரும் முடிக்க வேண்டியதில்லை. அவன் மேசையைக் காலி செய்த பிறகு, மனத் திருப்திக்காக, தெளிவான ஓர் இரவில் நானே உட்கார்ந்து எடைக்கல்லை மறுபடி அளந்தேன். இருந்தபடியே இருக்கிறது. நீலத்தில் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது. மெல்லிய மேகம்.