மடக்குக் கத்தியும் வெட்டுப்பட்ட ஒரு 'ன்னு'வும்

பெயர்: பாஞ்சாலை. வயது: 54. க/பெ: வேடியப்பன் (காலமானவர்). படிப்பு: எட்டாம் வகுப்பு. தொழில்: பூ வியாபாரம். முகவரி: 3/41, புதுத்தெரு, வேங்கிக்கால், திருவண்ணாமலை.

நாள்: 21.01.2026, புதன்கிழமை, பிற்பகல் 2 மணி. காவல் நிலையத்தில் தலைமைக் காவலர் தருமன் கேட்டு எழுதியது.

நான் மேற்கண்ட முகவரியில் என் மகள் கவிநிலாவுடன் குடியிருக்கிறேன். நான் பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தேன். பதினெட்டு வருடமாகச் செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்று முன்னால் பூக்கடை போட்டிருக்கிறேன். தினமும் அண்ணாமலையாருக்கு ஒரு முழம் எடுத்து வைத்த பிறகுதான் எனக்கு முதல் போணி. இது வழக்குக்கு வேண்டாம் என்று எழுதுகிற ஏட்டு சொன்னார். வேண்டும், எழுதுங்கள் என்றேன். "சுருக்கமா சொல்லும்மா" என்றார். "சுருக்கனதாலதான் சார் நான் இங்க வந்து குந்தியிருக்கிறேன்" என்றேன். அதன் பிறகு அவர் நான் சொல்வதைச் சொல்கிறபடியே எழுதுகிறார்.

என் மேல் புகார் கொடுத்திருக்கும் முருகவேல் என் கடைக்கு எதிரே கடை வைத்திருக்கிறார். மலையேறுகிறவர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் பை, டார்ச் லைட், கூடாரம் விற்கிறார். வயது முப்பத்தைந்து இருக்கும். என்னை அத்தை என்று கூப்பிடுவார். முறையில் அத்தை இல்லை, பழக்கத்தில் அத்தை.

கார்த்திகை தீபம் முடிந்த வெள்ளிக்கிழமை, அதாவது 05.12.2025 அன்று காலையில், மேற்படி முருகவேல் ஒரு மடக்குக் கத்தியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "இது பூட்டுக் கத்தி அத்தை. பிரிச்சா டக்குனு பூட்டிக்கும். பட்டனை அமுக்கினாத்தான் மடங்கும். வீட்டு வேலைக்கும் ஆவும், காட்டு வேலைக்கும் ஆவும். நீங்க யூஸ் பண்ணிப் பாத்துட்டு நாலு வார்த்தை சொல்லுங்க, போன்ல எடுத்துப் போடறேன். உங்க வாய்க்கு ஊரே கேக்கும்" என்றார். நான் அதற்கு, எதையும் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வைத்துப் பார்க்காமல் நல்லது என்று சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். பணம் எதுவும் கொடுக்கவில்லை, வாங்கவும் இல்லை.

அதன் பிறகு கத்தியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, முதல் வெட்டாக ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டி, இரண்டு பாதியிலும் குங்குமம் தடவி வாசலில் வைத்தேன். அன்று முதல் தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில், அன்றைக்குக் கத்தி என்ன வெட்டியது, எப்படி வெட்டியது என்று எழுதி வைத்தேன். அந்தத் தாள்கள் நாற்பத்தேழையும் துணி கிளிப் போட்டு ஏட்டிடம் கொடுத்திருக்கிறேன்.

அந்தத் தாள்களில் உள்ளபடி, கத்தியானது வாழைநார், நூல், தாமரைத் தண்டு, மாலையின் காம்பு எல்லாவற்றையும் நன்றாக வெட்டியது. என் அண்ணன் நிலத்துக்குப் போனபோது வேர்க்கடலை மூட்டையின் சணல் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தது. ஈர வேப்பங்குச்சியைச் சீவியது. மழையில் ஒருநாள் நனைந்தும் துருப் பிடிக்கவில்லை. எலுமிச்சம் புளிப்பு பட்டுக் கறுத்த இடம் சாம்பல் போட்டுத் தேய்த்ததும் போய்விட்டது. கூர்மையில் குறை சொல்ல மாட்டேன். கோபம் இருக்கிறது என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன்.

பதினோராம் நாள் முருகவேல் போனைத் தூக்கிக்கொண்டு வந்து பேசச் சொன்னார். நான் பேசியது இதுதான்: "அண்ணாமலையார் சாட்சியா சொல்றேன், இந்தக் கத்தி நல்ல கத்தின்னு ஒரு மண்டலம் முடியாம நான் சொல்லமாட்டேன்." இதை ஏட்டு இரண்டு முறை கேட்டு எழுதினார். நானும் இரண்டு முறை நிறுத்திச் சொன்னேன்.

பத்தொன்பதாம் நாள் கத்தியைப் பிரித்து வைத்தால் அலகு லேசாக ஆடியது. தாளில் "ஆடுது" என்று எழுதியிருக்கிறேன். அன்றே போய் முருகவேலிடம் காட்டினேன். "புதுசு அத்தை, பழகணும். தேங்கா எண்ணெய் ஒரு சொட்டு வுடுங்க" என்றார். விட்டேன். அன்றைக்கே கத்தியைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். மண்டலம் என்று ஆரம்பித்ததை நடுவில் நிறுத்தக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். என் மகளிடமும் எச்சரிக்கை சொல்லவில்லை. அது என் தப்பு. அதையும் எழுதுங்கள்.

அதன் பிறகு முப்பத்தொன்றாம் நாள், 04.01.2026 ஞாயிற்றுக்கிழமை காலை சுமார் ஏழு மணிக்கு, ஓசூரிலிருந்து ரோஜாப் பெட்டி வந்தது. அப்போது எனக்கு உதவிக்கு வந்திருந்த என் மகள் கவிநிலா, அட்டைப் பெட்டியைப் பிரிக்க மேற்படி கத்தியின் முனையைக் குத்தி அழுத்தினாள். பூட்டு நழுவி அலகு அவள் வலது கை ஆள்காட்டி விரலின் மேல் மடங்கியது. பட்டனை யாரும் அமுக்கவில்லை. அவள் "அம்மா" என்றுகூடக் கத்தவில்லை. "பூ மேல படப்போவுது, பெட்டிய தள்ளு" என்றாள்.

கவிநிலாவுக்கு வயது இருபத்துமூன்று. பி.காம். முடித்து, தட்டச்சு கீழ்நிலை தேறி, வரும் பிப்ரவரியில் மேல்நிலைப் பரீட்சை எழுதப் பணம் கட்டியவள். அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைப் பார்த்த டாக்டர், விரலை மடக்குகிற நரம்பு அறுந்துவிட்டது என்று சொல்லித் தைத்துக் கட்டுப் போட்டார். பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார். மடங்கக் கூடாத கத்தி மடங்கிவிட்டது, மடங்க வேண்டிய விரல் மடங்காமல் கிடக்கிறது.

அதே ஆஸ்பத்திரி வராந்தாவில் அடுத்த பெஞ்சில் இருந்த ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க கத்தி அம்மாதானே? உங்க வீடியோவைப் பாத்துட்டுதான் எங்க வூட்டுக்காரரு ரெண்டு வாங்கியாந்தாரு" என்று சிரித்துக்கொண்டு சொல்லி, தன் போனில் காட்டினார். அதில் என் முகம் இருந்தது, பின்னால் மலை இருந்தது. நான் பேசுவதாக இருந்தது இவ்வளவுதான்: "அண்ணாமலையார் சாட்சியா சொல்றேன், இந்தக் கத்தி நல்ல கத்தி." அதோடு மணிச் சத்தம் போட்டு முடித்துவிட்டார்கள். "ன்னு" இல்லை. மண்டலம் இல்லை. சொல்லமாட்டேன் என்பது இல்லை. சாமி பெயரை மட்டும் வெட்டாமல் வைத்திருந்தார்கள். பரீட்சைக்காகக் கவிநிலா ஒரு மாதமாகப் போனையே தொடாததால் எங்களுக்கு இது தெரியாமல் போயிற்று.

அதன் பிறகு மறுநாளே முருகவேல் கடைக்குப் போய், மகளின் கையைச் சொல்லி, வீடியோவை எடுக்கச் சொன்னேன். "ரெண்டு லட்சம் பேரு பாத்துட்டாங்க அத்தை, நீங்க ஸ்டாரு. உங்க பொண்ணு புடிக்கத் தெரியாம புடிச்சிருக்கும்" என்றார். பொங்கலுக்கு முன்னால் ஒருமுறை போனேன். பொங்கல் கழித்து ஒருமுறை போனேன். மூன்றாவது முறை "ஏம்மா, யாவாரம் பண்ண வுடமாட்டியா?" என்றார். அதுவரை அத்தையாக இருந்தவள் அன்று ஏம்மா ஆனேன்.

பிடிக்கத் தெரியாமல் பிடித்தாளா, கத்திதான் அப்படியா என்று பார்க்க, முப்பத்திரண்டாம் நாளிலிருந்து கத்தியை யார் கையிலும் கொடுக்காமல் நானே தினமும் காலையில் சோதித்தேன். விரல் இருக்க வேண்டிய இடத்தில், அலகு மடங்கி உட்காருகிற பிடியின் காடியில், ஒரு கேரட்டை வாழைநாரால் கட்டி, முனையைப் பலகையில் குத்தி அழுத்துவேன். பதினாறு நாளில் ஒன்பது நாள் கத்தி மடங்கிக் கேரட்டை வெட்டியது. எந்தெந்த நாள் என்று தாளில் இருக்கிறது. அந்தக் கேரட்டுகளை நான் சமைக்கவில்லை. மனசு வரவில்லை.

இன்று நாற்பத்தெட்டாம் நாள். காலையில் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, பக்கத்துக் காய்கறி வண்டியில் ஒரு கேரட் வாங்கி, மடக்கிய கத்தியைப் பூக்கூடையில் வைத்துக்கொண்டு, சுமார் பத்து மணிக்கு முருகவேல் கடைக்குப் போனேன். கடையில் முதுகுப்பை மாட்டிய வெளிநாட்டுப் பெண் ஒருவர், அதே ஜாதிக் கத்தியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முருகவேல் அவருக்குப் போனில் என் வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தார். என் குரலை நானே கேட்டேன்.

அப்போது நான் முருகவேலைப் பார்த்துச் சொன்னது: "நீ நம்பலன்னா, இந்தக் கேரட்டை வெரலு மாதிரி வெச்சு உன் முன்னாடியே வெட்டிக் காட்டறேன்." சொல்லிவிட்டுக் கத்தியைப் பிரித்து, கேரட்டைக் காடியில் வைத்துக் கட்ட நாரை எடுத்தேன். உடனே முருகவேல் பின்னால் சரிந்து, கூடாரப் பைகளைத் தள்ளிவிட்டு, "கத்தியோட வந்துட்டா" என்று சத்தம் போட்டார். நான் கத்தியை மடக்கிக் கூடையில் வைத்துவிட்டேன். அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் கேரட்டையும் பார்த்தார், காடியையும் பார்த்தார், தன் விரலையும் பார்த்துக்கொண்டார். பிறகு கையிலிருந்த கத்தியைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். தமிழ் தெரிந்த முருகவேலுக்குத்தான் நான் சொன்னது புரியவில்லை.

அவர் போன பிறகுதான் முருகவேல் புகார் எழுதினார். பகல் பன்னிரண்டு மணிக்குப் பெண் காவலர் என் கடைக்கு வந்து கூப்பிட்டார். பாதி கட்டிய மாலையை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு வந்தேன். புகாரில், நான் கத்தியுடன் கடைக்குள் புகுந்து "உன் முன்னாடியே வெட்டிக் காட்டறேன்" என்று மிரட்டியதாக எழுதியிருப்பதை ஏட்டு படித்துக் காட்டினார். வீடியோவில் என் பேச்சின் வாலை வெட்டினார். புகாரில் தலையை வெட்டினார். ஒருவர் பேச்சை இப்படி வெட்டுகிறவனுக்குக் கத்தி எதற்கு என்று கேட்டேன். இது கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று ஏட்டு சொன்னாலும் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு, நான் கேட்டுக்கொண்டதன் பேரில், முருகவேலும் என் மகளும் இருக்கும்போதே, காவல் நிலைய மேசை மேல் பழைய பலகை ஒன்றைப் போட்டு, அதே கேரட்டைக் காடியில் கட்டி, முனையைக் குத்தி அழுத்தினேன். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா சார்?" என்று முருகவேல் சொன்னார். இரண்டாம் தடவை கத்தி மடங்கியது. கேரட் இரண்டு துண்டாகி, ஒரு துண்டு உருண்டு முருகவேல் செருப்பில் முட்டி நின்றது. என் மகள் கட்டுப் போட்ட கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

பிறகு ஏட்டு முருகவேலின் போனை வாங்கி, வெட்டாத பழைய வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. போட்டுக் கேட்டார். "ன்னு" இருந்தது. மண்டலம் இருந்தது. "எடுத்துடுப்பா" என்று ஏட்டு சொன்னதற்கு முருகவேல், "பௌர்ணமி முடியட்டும் சார், அன்னைக்குதான் கூட்டம் ஜாஸ்தி வரும். அப்புறம் எடுத்துடறேன்" என்றார். எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுத வேண்டாம். சொன்னதை மட்டும் எழுதுங்கள். "மண்டலம் முடியட்டும்னு நான் சொன்னத வெட்டி எறிஞ்சியே, உன் பௌர்ணமி முடியற வரைக்கும் இன்னும் எத்தினி பேரு வெரலுடா உனக்கு வேணும்?"

அதன் பிறகு அவர் வீடியோவை அழித்தார். கவிநிலா இடது கையால் தன் போனில் தேடிப் பார்த்து, "இல்லம்மா, போயிடுச்சி" என்றாள். அதற்குள் எத்தனை பேர் எடுத்து வைத்திருக்கிறார்களோ தெரியாது. கடையில் மிச்சம் இருக்கிற அந்தக் கத்திகளை விற்கக் கூடாது என்றும், வாங்கிப் போனவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

முருகவேல், "வுடுங்க சார், கேசு வேணாம்" என்று புகாரைத் திரும்பப் பெற எழுதிக் கொடுத்தார். ஏட்டு என்னிடம், "அப்ப இதக் கிழிச்சிடலாமாம்மா? வீட்டுக்குப் போலாம்" என்றார். கிழிக்கக் கூடாது என்றேன். மண்டலம் முடிந்தால் சொல்கிறேன் என்று அண்ணாமலையாரைச் சாட்சி வைத்தவள் நான். இன்று முடிந்தது. இன்னும் சொல்லவில்லை. ஆகவே இப்போது சொல்கிறேன், நான் சொல்கிறபடியே எழுதுங்கள்:

"அண்ணாமலையார் சாட்சியா சொல்றேன். இந்தக் கத்தி நல்லா வெட்டும். ஆனா இது நல்ல கத்தி இல்ல."

ஏட்டு முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார். கடையில் நான் சொன்னதைப் படிக்கும்போது "கேரட்டை" என்ற சொல் விட்டுப்போயிருந்தது. சொன்னேன். மேலே சேர்த்து எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். இப்போது தலையும் வாலும் சரியாக இருக்கிறது. நான் பார்த்ததும், செய்ததும், என் தப்பும் இதில் இருக்கிறது. பயந்தோ, யாரும் சொல்லிக் கொடுத்தோ சொன்னது ஒன்றுமில்லை.

(ஒப்பம்) வே. பாஞ்சாலை

சாட்சி: வே. கவிநிலா, பி.காம்., வயது 23. வலது கையில் கட்டு இருப்பதால் கையெழுத்துப் போட இயலவில்லை. இடது கைப் பெருவிரல் ரேகை.