முன் சக்கரத்து டயர்

இல்லம்மா, நீங்க எடுத்த அந்த டயர் வேணாம். மாட்டறதுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது, ஆனா நான் மாட்ட மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க முதல்ல. காலைலேர்ந்து நின்னு நின்னு இடுப்பு விட்டுப் போச்சு. நீங்க நின்னுக்கிட்டே பேசினா நானும் நிக்கணும்.

ஆமா, நான்தான் மெக்கானிக். வேற யாரும் இல்ல. வர்றவங்க எல்லாம் உள்ள எட்டிப் பாத்துட்டு, ஐயா இல்லையான்னுதான் கேக்கறாங்க. ஐயா, அதான் என் வீட்டுக்காரர், கவுண்டர்ல உக்காந்து காசு வாங்கறதோட சரி. இன்னைக்கு அதுக்கும் ஆள் இல்ல. தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார். திரும்பி வர மத்தியானம் ஆகும்.

சரி, உங்க பேட்டரி சைக்கிளுக்கு வருவோம். சனிக்கிழமை மலைக்குப் போறீங்க. மூணு நாளா மழை, இன்னும் பெய்யும்ங்கறாங்க. பாதையெல்லாம் சேறு, நடுவுல வேரு, பாசி புடிச்ச கல்லு. இப்ப உங்க வண்டியில கெடக்கற டயரைப் பாருங்க. மேல துருத்திக்கிட்டிருக்கற ரப்பர் பட்டனெல்லாம் குட்டை குட்டையா, நெருக்கி நெருக்கி இருக்கு. காஞ்ச தரையில ஜோரா ஓடும், பேட்டரியும் நிக்கும். சேத்துல நாலு சுத்து சுத்தினா இடுக்கெல்லாம் மண்ணு அடைச்சுக்கும். அப்புறம் அது டயர் இல்ல, மண்ணு உருண்டை. சேத்துக்குப் பட்டன் உசரமா இருக்கணும், ஒண்ணுக்கொண்ணு தள்ளி இருக்கணும். சுத்தற சுத்துலயே மண்ணை உதறிட்டுப் போயிடணும்.

அகலமாவா? அங்கதான் எல்லாரும் ஏமாந்துடறாங்க. அகலமாப் போட்டா நல்லாப் புடிக்கும்னு நெனப்பு. சேத்து மேல அது மெதக்கும்மா. கொஞ்சம் ஒடுக்கமா இருந்தாத்தான் சேத்தைக் கிழிச்சுக்கிட்டு அடியில இருக்கற கெட்டித் தரையைப் போய்த் தொடும். அதுவும் உங்களது மோட்டார் வண்டி, இருபத்தஞ்சு கிலோ. மிதிக்கிற சைக்கிளுக்குப் போடற டயர் இந்தக் கனத்தைத் தாங்காது. பக்கம் தடியா இருக்கணும்.

இருக்குதான், இந்த டயர்ல எல்லாம் இருக்குதான். ஒத்துக்கறேன். ஆனா இங்க ஓரத்துல குட்டியா எழுதியிருக்கு பாருங்க. வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. இது கெட்டி ரப்பர். இதே டிசைன்ல சாஃப்ட் ரப்பர்னு இன்னொண்ணு வருது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாது, இந்த எழுத்து ஒண்ணுதான் வித்தியாசம். பின் சக்கரத்துக்கு இந்தக் கெட்டி போதும், மோட்டார் இழுக்கற இழுப்புக்கு சாஃப்ட் போட்டா சீக்கிரம் தேஞ்சுடும். முன் சக்கரத்துக்கு சாஃப்ட்தான். சேறுகூடப் பரவால்ல. ஈர வேரு மேல ஏறும்போது பட்டன் ஒண்ணும் செய்யாது, ரப்பர்தான் ஒட்டணும். நகத்தால அமுக்கிப் பாருங்க. இறங்குதா? இறங்கல இல்ல?

அந்த சாஃப்ட் டயர் வியாழக்கிழமைதான் வரும். ஒரே ஒரு தடவை போறதுக்கு இது போதாதான்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான். நானா இருந்தாலும் அதைத்தான் கேப்பேன்.

இப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காளே, என் நாத்தனார், அவ பிரசவம் பாக்கற நர்ஸ். பாத்துக்கிட்டிருந்தா. இந்த ஊர்ல பாதிப் புள்ளைங்க அவ கையில விழுந்ததுங்கதான். மேல மலையில பத்துப் பதினஞ்சு வீடு இருக்கு, மரம் அறுக்கற மில்லோட ரோடு முடிஞ்சுடும், அதுக்கு மேல ஒத்தையடிப் பாதைதான். ஜீப்பெல்லாம் போகாது. அவ ஒரு மோட்டார் சைக்கிள்... அட, இதே மாதிரி பேட்டரி சைக்கிள்தான்மா, அதை வாங்கிக்கிட்டு, முதுகுல பையை மாட்டிக்கிட்டுப் போயிடுவா. மழையோ வெயிலோ போயிடுவா. கல்யாணம் வேணாம்னுட்டா, எங்களோடதான் இருக்கா. வாய் மட்டும் நீளம். பாத்திரம் கழுவினா கழுவினது சரியில்லம்பா, ஜன்னலைத் தொறந்தா ஏன் தொறந்தீங்க அண்ணிம்பா. எனக்கும் அவளுக்கும் ஒரு நாள் ஒத்துப் போனா மறுநாள் போகாது. ஒரே வீட்டுல ரெண்டு பொம்பளைங்க, அதுவும் நாத்தனார். உங்களுக்குச் சொல்லணுமா?

நாலு வருஷம் முன்னாடி, இதே மாதிரி மழைக்காலம். முன் டயர் தேஞ்சு போச்சு, சாஃப்ட் ரப்பர் ஒண்ணு தருவிச்சுக் குடுங்கன்னா. வேற எதுவும் வேணாம், அதான் வேணும்னு தெளிவாச் சொன்னா. தருவிச்சோம். வந்துச்சு. அந்தச் சுவத்துல வரிசையாக் கொக்கி இருக்கு பாருங்க, அதுல மாட்டி, அவளோடதுன்னு ஒரு அட்டைச் சீட்டு எழுதிக் கட்டி வச்சோம். அப்பல்லாம் பட்டறை வேலை முழுக்க என் வீட்டுக்காரர்தான். நான் கவுண்டர்ல. அடுத்த நாள் மத்தியானம் அவர் கடைக்கு வந்து, சீட்டு இருந்த டயரை எடுத்து அவ வண்டியில மாட்டி, காத்து அளவு பாத்து, ஒரு சுத்து ஓட்டிப் பாத்து நிறுத்தினார். அவர் வேலை அப்படி, சுத்தமா இருக்கும்.

மறுநாள் மத்தியானம் மேலேர்ந்து போன் வந்துச்சு. தலைச்சன் பிரசவம், இன்னும் ரெண்டு வாரம் இருக்குன்னு நெனச்சிட்டிருந்த பொண்ணு, வலி கண்டுடுச்சு. இவ கௌம்பிட்டா. ஓடையைத் தாண்டறதுக்கு முன்னாடி ஒரு வளைவு, பாதைக்குக் குறுக்க கை தடிமன்ல வேரு ஓடும். நூறு தடவை போன எடம். முன் சக்கரம் வேரு மேல ஏறுச்சு, அப்படியே சோப்பு மாதிரி வழுக்கிக்கிட்டுப் போச்சாம். இவ கல்லு மேல, இவ கை மேல வண்டி.

சாகலம்மா. அதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்னு சொன்னேனே. கேளுங்க. வலது கை முழங்கைலேயும் மணிக்கட்டுலேயும் நொறுங்கிப் போச்சு. வேற யாரா இருந்தாலும் அங்கயே கெடந்து கத்தியிருப்பாங்க. இவ துப்பட்டாவால கையைக் கழுத்தோட கட்டிக்கிட்டு, பையை இடது தோள்ல போட்டுக்கிட்டு, அந்தச் சேத்துல முக்கால் மணி நேரம் ஏறியிருக்கா. அங்க போய் அந்தப் பொண்ணோட மாமியாரைக் கையைக் கழுவச் சொல்லி, பக்கத்துல உக்காந்து, இங்க புடிங்க, இப்ப இழுக்காதீங்க, இப்பத் தாங்கிக்கோங்கன்னு வாயாலேயே பிரசவம் பாத்திருக்கா. பொம்பளைப் புள்ள. நல்லாப் பொறந்துச்சு. அது அழுத சத்தம் கேட்டப்புறம்தான் இவ மயக்கம் போட்டாளாம். அப்புறம் ஆளுங்க கட்டில்ல போட்டுக் கீழே தூக்கிட்டு வந்தாங்க.

மூணு ஆபரேஷன். விரல் மடங்கல. முழங்கை பாதிக்கு மேல வளையாது. அந்தக் கையை வச்சுக்கிட்டுப் பிரசவம் பாக்க முடியுமா? இப்ப ஆஸ்பத்திரி வாசல்ல கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து சீட்டு குடுக்கறா. இடது கையால எழுதக் கத்துக்கிட்டா. வர்றவங்க எல்லாம் வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து, அக்கா நீங்க வர மாட்டீங்களான்னு கேக்கறாங்களாம். அதை மட்டும் வீட்டுல வந்து சொல்லுவா. மத்த எதுக்கும் அவ அழுது நான் பாத்ததில்ல.

என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் கழிச்சு மேலே போய் வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தார். இதோ, இந்த எடத்துலதான் சாச்சு வச்சுத் தண்ணி அடிச்சார். மண்ணு போனதும் ஓரத்துல இருந்த எழுத்து தெரிஞ்சுது. கெட்டி ரப்பர். அப்படியே கீழே உக்காந்துட்டார். அவசரத்துல எழுத்தைப் பாக்காம மாட்டிட்டேன், கெட்டியை மாட்டிட்டேன், என் கையாலேயே மாட்டிட்டேன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தார். அன்னைக்கே தங்கச்சி கட்டில் பக்கத்துல போய் நின்னு அவளுக்கும் சொல்லிட்டார். அவ சிரிச்சா. வேரு வழுக்கினதுக்கு நீ என்ன பண்ணுவே, போண்ணா, போய் எனக்கு எதாவது திங்க வாங்கிட்டு வான்னா.

அன்னைக்கு ஸ்பேனரைக் கீழே வச்சவர்தான். இன்னைவரைக்கும் தொடல. ஒரு டியூபுக்குக் காத்து அடிக்கச் சொன்னாக்கூட, என் கையை நம்பாதேம்பார். அப்புறம் யாரு செய்வா? நான்தான் கத்துக்கிட்டேன். பக்கத்துல உக்காந்து வாயாலேயே சொல்லிக் குடுப்பார், தொட மட்டும் மாட்டார். அண்ணனும் தங்கச்சியும் ஒரே மாதிரி ஆயிட்டாங்க, ரெண்டு பேருக்கும் வாய் மட்டும்தான் வேலை செய்யுது.

என்ன சொல்றீங்க? அவரு எழுத்தைப் பாக்கல, நீங்கதான் பாத்து மாட்டறீங்களே, அப்புறம் என்ன பயம்ங்கறீங்களா?

அவர் பாக்கணும்னு அவசியமே இல்லம்மா. சீட்டு அதுல இருந்துச்சு. அவர் சீட்டைப் பாத்து எடுத்தார், அது தப்பா?

டயர் மாட்டின அன்னைக்குக் காலையில, அவர் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி, ரேஸ் ஓட்டற ஆள் ஒருத்தர் வந்தார். மறுநாள் போட்டி, சாஃப்ட் ரப்பர் டயர் வேணும், ஊரெல்லாம் சுத்திட்டேன், எங்கயும் இல்லன்னார். உங்க கடையில இல்லன்னா வேற எங்க இருக்கப் போகுதுன்னு ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு மனசு குளுந்து போச்சு. கொக்கியிலேர்ந்து கழட்டிக் குடுத்துட்டேன். அவ சீட்டை அவுத்து, பக்கத்துல தொங்கின கெட்டி ரப்பர்ல கட்டினேன். ஒரு வாரம்தானே, அடுத்த தடவை சரக்கு வந்ததும் மாத்திக்கலாம், அவ என்ன ரேஸா ஓட்டறான்னு நெனச்சேன். காலையில ஜன்னல் விஷயமா அவளுக்கும் எனக்கும் வாய்த் தகராறு வேற. அந்தக் கோவமும் இருந்திருக்கும். இல்லேன்னு சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். கடையில கூட்டம், மறந்துட்டேன்.

அந்த ரேஸ் ஆளா? பதினோராவதா வந்தாராம்.

என் வீட்டுக்காரர் இங்க உக்காந்து அழுதப்ப நான் சொல்லியிருக்கணும். வாயைத் தொறந்தேன், டீ குடிக்கறீங்களான்னு கேட்டேன். அப்ப வராதது அப்புறம் எப்படி வரும்? ஒரு நாள் போச்சு, ஒரு மாசம் போச்சு, இப்ப நாலு வருஷம்.

கையைத் தூக்க முடியாததால அவளுக்கு தினமும் நான்தான் தலை பின்னி விடறேன். ஜன்னலைப் பத்தியெல்லாம் இப்பச் சண்டை இல்ல. நேத்துக் காலையில பின்னிக்கிட்டிருக்கேன், அண்ணிங்கறா. என்னடின்னேன். அண்ணன் இன்னும் அதையே நெனச்சு உருகிக்கிட்டிருக்காரு, எனக்கு அவர் மேல ஒரு துளி வருத்தம் இல்லன்னு நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க, நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு, நீங்க சொன்னாத்தான் கேப்பாருங்கறா.

சரின்னேன்.

அதான்மா, இன்னைக்கு அவளுக்கு லீவு, டாக்டர்கிட்டக் கையைக் காட்டிட்டு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா இங்கதான் வருவாங்க. வந்ததும் உக்கார வச்சுச் சொல்லிடணும்னு காலையில கதவைத் தொறக்கும்போதே முடிவு பண்ணினேன். நீங்க டயர் கேட்டு வந்தீங்க. முன்னப் பின்னத் தெரியாதவங்க, உங்ககிட்டச் சொல்லும்போது வாயில வருதான்னு பாத்தேன்.

வருது.