தம்பிக்குக் கொடுத்த சத்து மாத்திரை

மாத்திரை டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை, சார். நான் படிப்பேன். மருந்து அட்டைகள் அடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துவதுதான் என் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் முதலாளி என்னைத்தான் பிடிப்பார்.

தம்பிக்கு இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். கல்யாணம் முடிந்ததும் பெண்ணின் ஊருக்கே குடிபோகப் போவதாக ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். "நீயும் இனிமே உனக்குன்னு ஒரு வாழ்க்கையப் பாருக்கா" என்றான். அவன்தானே என் வாழ்க்கை.

அந்த வாரம்தான் வைட்டமின் ஈ அட்டை என் மேசைக்கு வந்தது. முன்பக்கம் பெரிதாக, 'ஆன்டிஆக்ஸிடன்ட், இளமை காக்கும்' என்று இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதிக அளவில் சாப்பிட்டால் ரத்தக்கசிவு வரலாம் என்று இருந்தது. பிழையில்லை என்று கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் வாங்கிக்கொண்டேன்.

"இது எதுக்குக்கா?"

"எலும்பும் தோலுமா இருக்கே. மாப்பிள்ளை முகத்துல ஒரு களை வேண்டாமாடா?"

சிரித்துக்கொண்டே விழுங்கினான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். மிஞ்சும்படி நான் பார்த்துக்கொண்டேன். கையில் நீலத் திட்டுகள் வந்தன, பல் துலக்கினால் ரத்தம் வந்தது. கல்யாணம் தள்ளிப்போனது. எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறாரா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லைங்க டாக்டர்" என்றேன். தம்பியும் தலையாட்டினான். சத்து மாத்திரையை யார் மருந்தில் சேர்க்கிறார்கள்?

பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்தான். வேறு யாராக இருந்தாலும் தலையில் ஒரு புடைப்போடு போயிருக்கும். அவனுக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்தது. இப்போது வலப்பக்கம் அசையாது, பேச்சும் இல்லை. அந்தப் பெண் சில நாள் வந்து அழுதாள், அப்புறம் வரவில்லை. ஆமாம் சார், செய்தது நான்தான்.

ஒரே ஒரு உதவி. சமையலறையில் இருந்த டப்பாக்களை உங்கள் ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள். ஒன்றையாவது திருப்பி அனுப்புங்கள். அவனுக்கு முழுதாக விழுங்க வராது. ஊசியால் குத்தி, உள்ளே இருக்கும் எண்ணெயைப் பாலில் பிழிந்து கொடுக்கும்படி இப்போது அவனைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் சொல்லுங்கள். நான் இல்லையென்று நிறுத்திவிட்டால், அவன் எழுந்து போய்விடுவான்.