அம்பு பட்டால் திரும்புவாள்

மத்தியானம் இரண்டு மணி. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் மலைச்சாலை. ஆள் நடமாட்டமே இல்லை... சாலையோரம் ஒற்றை வீடு.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் கொளஞ்சியப்பனின் மச்சானுக்கு நடந்தது. பெயர் கவியரசன். கம்ப்யூட்டர் கேம் எழுதுகிறவன். மனைவி வேலைக்குக் கள்ளக்குறிச்சி போயிருந்தாள். வீட்டில் அவனும் ஐந்து வயது மகள் அபிநயாவும் மட்டும்.

கேமில் ஒரு சிறுமி முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள். மவுஸ் அம்பு அவள்மேல் பட்டால் திரும்பிச் சிரிக்க வேண்டும். விலகினால் பழையபடி முதுகு. மொத்தம் நாலே படங்கள். அடுத்தடுத்துக் காட்டினால் வெடுக் வெடுக்கென்று திரும்புவதுபோல் இருக்கும். மகளைப் பார்த்துத்தான் வரைந்திருந்தான்.

டீ குடித்துக்கொண்டிருந்தான். மவுஸை யாரும் தொடவில்லை. திரையில் சிறுமி திரும்பினாள்... சிரித்தாள்.

எழுதியதில் ஏதோ தப்பு என்று நினைத்தான். அம்பு எங்கே நிற்கிறது என்று எண்ணாகக் காட்டும்படி ஒரு வரி சேர்த்தான். மவுஸைப் பிடுங்கிப் போட்டான். அம்பு மூலையில் அசையாமல் கிடந்தது. எண்கள் மட்டும் ஓடின. இருநூறு... தொண்ணூறு... பூஜ்யம். பூஜ்யம் என்றால் திரையின் இடது ஓரம். அதோடு நிற்க வேண்டும். நிற்கவில்லை. மைனஸ் அறுபது. மைனஸ் முந்நூறு. திரையை விட்டு வெளியே... அவனுக்கு இடப்பக்கம்.

அங்கே பாயில் அபிநயா முதுகு காட்டி உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

வெடுக். வெடுக். தலை திரும்பியது. சிரித்தாள்.

"இன்னாம்மா?"

முதுகு. மறுபடி வெடுக். சிரிப்பு. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டியது.

"அப்பா... நான் சிரிக்கலப்பா," என்றாள், சிரித்தபடியே.

லேப்டாப்பை அறைந்து மூடினான். ஒயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. வீடு முழுக்கக் கருகிய ஒயர் வாசனை. இரண்டு கையாலும் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டான். பிஞ்சுக் கழுத்து அவன் கையையும் மீறித் திரும்ப முயன்றது... உள்ளே நறநறவென்று சத்தம்.

"வுட்டுடுங்க... கொழந்தங்க அது... என்ன எடுத்துக்குங்க," என்று வெறும் காற்றைப் பார்த்துக் கெஞ்சினான்.

பிறகு கொளஞ்சியப்பனுக்குப் போன். "மாமா, எங்க கீறீங்க? சீக்கிரம் வாங்க மாமா!"

கொளஞ்சியப்பன் மேலே மலையில் தன் மினி லாரியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தான். பத்தே நிமிடத்தில் வண்டியோடு வந்துவிட்டான். மகளை மடியில் போட்டுக்கொண்டு கவியரசன் முன்சீட்டில் ஏறினான். இரண்டு வளைவு தாண்டியதும் அவள் தலை ஓய்ந்தது. தூங்கிப்போனாள். அப்போதுதான் அவனுக்கு அழுகையே வந்தது.

மூன்றாவது வளைவு. ஒரு பக்கம் பள்ளம்.

வெடுக்.

ஓட்டிக்கொண்டிருந்த கொளஞ்சியப்பன் திரும்பினான். அவனைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா, ரோட்ட பாருங்க!"

"ரோட்டத்தான்டா பாத்துக்கினு கீறேன்," என்றான் கொளஞ்சியப்பன். முகம் அப்படியே இருந்தது. இவன் பக்கம்.

கவியரசன் எட்டி ஸ்டீயரிங்கை இழுத்தான். வண்டி பாறையில் மோதி நின்றது. மூன்று பேரும் பிழைத்தார்கள். குழந்தைக்கு அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்கு அவர்கள் திரும்பிப் போகவேயில்லை.

ஆனால் கொளஞ்சியப்பனால் இன்றுவரை கழுத்தை இடப்பக்கம் திருப்ப முடியவில்லை. கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புகிறான். டாக்டர்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்கள்.

தூங்கும்போது மட்டும் திரும்புகிறதாம்... அவன் மனைவி சொன்னாள். வெடுக் வெடுக்கென்று, அந்த நாலு படங்களைப்போல. சிரித்தபடி.