வாசல் மாற்றிய செங்கமலம் டீச்சருக்கு

விடியும் முன் எழுகிறேன். குழாயில் தண்ணீர் பிடிக்கிறேன். சட்டை, சாக்ஸ் தேடி மாட்டுகிறேன். வாசலில் தண்ணீர் தெளிக்கிறேன். கோலம் இல்லை. கம்பெனி பஸ் வருகிறது. ஏறுகிறேன்.

எங்கள் வடக்குப்பட்டு லைன் வீடுகளில் மற்ற எல்லா வாசலிலும் கோலம் உண்டு. அதற்குக் காரணமான அம்மையீர்! அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சோறூட்டிய கையால் பெரியவர்களுக்குக் கோலமாவு அள்ளித் தந்தவரே! பணி நிறைவு பெறும் செங்கமலம் டீச்சரே, வணக்கம்.

ஷிப்டுக்கு ஷிப்டு முகம் மாறும் தெரு இது. பக்கத்து அறையில் யார் என்று தெரியாமலே காலி செய்துவிட்டுப் போவோம். நீங்கள் எங்களைக் கூட்டி உட்காரவைத்தீர்கள். நாங்கள் சண்டை போட்டு விதி செய்தோம். ஞாயிறன்று யாரும் தன் வாசலில் கோலம் போடக்கூடாது. எதிர்வீட்டுக்காரர் பேச வேண்டும். கேட்டதை நாம் அவர் வாசலில் வரைய வேண்டும். பிறகு அவர் நம் வாசலுக்கு வருவார்.

தங்கமாரி தன் ஊர்க் கிணற்றுப் பம்புசெட்டைப் பற்றிச் சொன்னாள். வீட்டு உரிமையாளர் பரசுராமன் வரைந்தார்.

"எங்க ஊரு பம்புசெட்டு ஆமை மாதிரில்லா இருக்கு!"

"நீ ஒயுங்கா சொல்லிக்கினு இருந்தா ஒயுங்கா வந்துருக்கும்."

"சண்ட வேணாம். அடுத்த வாரம் ஆமைக்குத் தண்ணி வுடுங்க," என்றபடி அடுத்த வாசலுக்கு ஓடினீர்கள்.

நீங்கள் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை, என் வாசல்படியில் தவிர.

என் மனைவி வேல்விழி போன வருடம் சித்திரையில் லாரி மோதி இறந்தாள். ஒரு வருடம் கோலம் கூடாது என்றார்கள். வருடம் முடிந்துவிட்டது. பேசாதவர் வாசலில் வரைய முடியாது, அது விதி. என் எதிர்வீடு காலி என்பதால் நீங்களே ஞாயிறுதோறும் வந்தீர்கள்.

"அந்தப் பொண்ணு கடைசியா இன்னா சொல்லுச்சு? அத்த மட்டும் சொல்லுப்பா, போட்டுட்டுப் போறேன்."

நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். பெரிதாக ஏதோ இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள்.

மகளுடன் இருக்க ஓசூர் போகிறீர்கள். நாளை இங்கே உங்கள் கடைசி ஞாயிறு. நோயின்றி நெடுநாள் வாழுங்கள். அங்கேயும் யார் வாசலிலாவது போய் உட்காருங்கள்.

இப்படிக்கு, லைன் வீட்டார் அனைவரும். எழுதியவன் சக்திகுமார்.

நாளை என் வாசலில் நீங்கள் வரைய வேண்டியது, அன்று காலை நான் பஸ்ஸுக்கு ஓடும்போது அவள் சொன்னது:

"ஒரு கால்ல நீலம், ஒரு கால்ல கருப்பு. சாக்ஸைப் பாருங்க! சரி ஓடுங்க, யாரு பாக்கப் போறா."