கணக்கில் வராத இயந்திரம்

உங்கள் விசாரணை அறையின் இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. காகிதத்தை நாலாக மடித்துக் கீழே வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். எனக்கு முன்னால் இதில் உட்கார்ந்தவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். நீங்கள் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள். போகட்டும், எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மருத்துவமனையின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கட்டிடத்தில் இருக்கும் நானூறு கணினிகளும் தம் நிலைமையை ஒரு தரவுக் கிடங்குக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்தப் பாதுகாப்பு ஓட்டை அடைபட்டது, எது திறந்து கிடக்கிறது, விதிப்படி இருக்கிறதா இல்லையா எல்லாம் அதில் வரும். அந்தக் கிடங்கிடம் கேள்வி கேட்டு, ஒழுங்காக இருக்கும் கணினிகள் எத்தனை சதவீதம் என்று கோடாக வரைவது என் வேலை. கோடு ஏறினால் எங்கள் மேலாளர் சிரிப்பார். இறங்கினால் அன்றைக்கு ஒருவருக்கும் சோறு இறங்காது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சை. திரையில் வேறு நிறம் தெரிந்தால் அவருக்கு ஆகாது.

கிடங்கிடம் கேட்கும் கேள்வியை எழுதியது அவர்தான். அதில் ஒரு தவறு இருந்தது. கடைசி ஒரு மணி நேரத்தில் தகவல் அனுப்பிய கணினிகளை மட்டுமே அது எண்ணும். கெட்டுப்போன கணினி வாயை மூடிக்கொண்டால் பட்டியலிலிருந்தே போய்விடும், சதவீதம் ஏறும். செத்தவர்களை விட்டுவிட்டு எண்ணினால் எந்த ஆஸ்பத்திரியிலும் எல்லோரும் பிழைத்துத்தான் இருப்பார்கள்.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

"ஏம்மா, நான் இந்த வேலைக்கு வந்தப்ப உனக்குப் பல்லு முளைச்சிருந்துச்சா?" என்றார் பச்சை.

"தப்பு தப்புதானே சார்."

"உங்க வீட்ல காலேஜ் வாசப்படிய மிதிச்ச முத ஆளு நீதானே? மெதுவாத்தான் புரியும். அவசரப்படாத."

எல்லோரும் சிரித்தார்கள். அன்று மத்தியானம் என் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்ற பக்கத்து மேசைக்காரியும் சிரித்தாள்.

என் அப்பா லாரியில் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மேல இருக்கிறவங்கள எதுத்துப் பேசாதம்மா." அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் சொல்லைத் தட்டவில்லை. வாயே திறக்கவில்லை.

பச்சையின் கேள்வியைப் பிரதியெடுத்து, திருத்தி, என் பெயரில் வைத்துக்கொண்டேன். வாய்மூடிய கணினிகள் என் திரையில் மட்டும் சிவப்பாகத் தனியே நிற்கும்.

திங்கட்கிழமை பத்தேகாலுக்கு ஒன்று வந்து நின்றது. மூன்றாம் தளத்தின் மருந்துப் பம்புகளுக்கான சர்வர். படுக்கையோரம் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புகளுக்கு அளவு சொல்வது அதுதான். ஒன்பது வாரமாக அடைக்காத ஓட்டை அதில் இருந்தது. வீட்டுக்குள் நுழைகிறவன் முதலில் விளக்கை அணைப்பதுபோல, அந்த ஓட்டை வழியாக வெளியிலிருந்து உள்ளே வந்தவர்கள் முதலில் அதன் வாயை அடைத்திருந்தார்கள்.

அதே நேரத்தில் பச்சையின் கோடு தொண்ணூற்றொன்பதே முக்காலிலிருந்து நூறுக்குப் போனது. கேக் வெட்டினார். எனக்கும் ஒரு துண்டு தந்தார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து தணிக்கைக்காரர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் முன் அவர் அந்த நூறைக் காட்டுவார். அப்போது நான் எழுந்து, "மூணாவது மாடி சர்வர் எங்க சார்?" என்று கேட்பேன். அதுவரை அது சிவப்பாகவே இருக்க வேண்டும். திட்டம் இவ்வளவுதான்.

கிடங்கிடம் நாங்கள் எதைக் கேட்டாலும் யார், எப்போது என்று பதிவாகும். அந்த நாலு நாளில் அந்தச் சர்வரை இருபத்து மூன்று முறை நான் பார்த்ததாக உங்கள் தாளில் இருக்கும். எண்ணிக்கை சரி. பதற்றத்தில் பார்த்ததாகச் சொல்லும்படி வக்கீல் சொன்னார். எனக்குப் பதற்றமே இல்லை. யாராவது சரிசெய்து தொலைத்துவிடுவார்களோ என்றுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை பதினேழாம் படுக்கைக்கு வலி மருந்து நாலு மடங்காக ஏறியது. இருபத்தாறு வயதுப் பெண், குடல்வால் ஆபரேஷன், மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவள். எனக்கும் அதே வயதுதான். அவள் இறந்தது அன்று மத்தியானமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வெள்ளிக்கிழமை எழுந்து நின்று கேட்டேன். பச்சையின் முகம் சாம்பலானது. பன்னிரண்டு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் தள நர்ஸ் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். பம்ப் சரியில்லை என்று புதன்கிழமையே எங்கள் பிரிவுக்குப் போன் செய்ததாக அவர் சொல்கிறார், யாரும் நம்பவில்லை. அவர் சொல்வது நிஜம். எடுத்தது நான்.

"தங்கச்சி, பதினேழுல பம்ப் கிறுக்குப் பிடிச்ச மாதிரி பண்ணுது. நான் ஒண்ணு போட்டா அது ஒண்ணு காட்டுது. உங்க பக்கம் எதாச்சும் கோளாறா? இல்ல, பேசாம கையாலயே ஏத்திடவா?"

"எங்க பக்கம் எல்லாம் நூறு சதவீதம்க்கா. பம்ப்லயே ஓடட்டும்."

"அப்பாடா. படிச்ச புள்ள நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த வாரம் முழுக்க நான் சொன்னதில் அது ஒன்றுதான் பொய். அதையும் பச்சையின் அறிக்கையைப் பார்த்துத்தான் சொன்னேன்.